எயிற்பட்டினத்துக் கோடை

நெல்லையும் கம்பையும் நம்பி வாழும் ஊர்களில் சித்திரை, வைகாசி மாதங்கள் என்றால் ஏரி வற்றி, மேய்ச்சலின்றி மாடுகள் மெலிந்து, உழவன் ஆடி மழையை எண்ணித் திண்ணையில் காத்திருக்கும் காலம் என்பது யாவரும் அறிந்ததே. சென்னைக்குத் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில், புதுச்சேரிக்குப் போகும் வழியிலுள்ள மரக்காணத்திலோ அந்த மாதங்களே அறுவடைக் காலம். ஊரின் உட்புறத்தே வெயில் காயும் பாத்திகளில் உப்பு விளைகிறது. வெளிப்புறத்தே, அலை உடையும் மணல்விளிம்பு முதல் நான்கைந்து பாக ஆழம் வரையுள்ள கரைக்கடலில் மீன் கூடுகிறது. இரண்டு விளைச்சலுக்கும் காரணம் ஒரே சூரியன், ஒரே மேல்காற்று. இரண்டும் ஒன்று சேர்ந்தால் கருவாடு ஆகிறது. இக்கரையின் செல்வம் நெடுங்காலம் அதுவாகவே இருந்தது. இயற்கை இவ்வாறு இணைத்து வைத்த உப்பையும் மீனையும் சர்க்காரின் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிரித்து வைத்திருந்தது என்பதும், அப்பிரிவினையால் கரையோர ஜனங்கள் அடைந்த துயரத்துக்குத் தக்க சரித்திரம் இன்னும் எழுதப்படவில்லை என்பதுமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயங்கள்.

முதலில் அந்த இடத்தின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கிழக்கே வங்கக்கடல், அதை ஒட்டி எக்கியார்குப்பம், வசவன்குப்பம், கைப்பாணிக்குப்பம், அழகன்குப்பம் முதலிய மீனவர் குப்பங்களைத் தாங்கிய மணல்மேடு, அம்மேட்டின் பின்னே பக்கிங்காம் கால்வாயும் உப்பளங்களும், அவற்றுக்கும் அப்பால், மழைக்காலத்தில் கடல்போலப் பரந்தும் கோடையில் வெடித்த களிமண்ணாய்க் கிடந்தும் இருநிலை காட்டுகிற கழுவேலி ஏரி. அந்த ஏரியின் நீர் உப்புக்கழி வழியாக வடக்கே சென்று இடையன்திட்டு முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. தென்னாட்டு உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்ததாகச் சொல்லப்படும் இதைத் தமிழக அரசு 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. கடல், கழி, களர், ஏரி ஆகிய நான்கும் சில மைல் அகலத்துக்குள் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும் அதன் பலனை நான்கு இடங்களில் நான்கு விதமாக அனுபவிக்கும் ஊர் இது.

இவ்வூரின் பழமையைப் பற்றிச் சந்தேகம் கொள்ள இடமில்லை. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படையில், பரிசில் பெறச் செல்லும் பாணன் வழியில் தங்கும் கடற்கரை ஊராகிய எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. அங்கே கடலலை கொண்டு வந்து ஒதுக்கிய நறுமண மரங்கள் ஒட்டகங்கள் உறங்குவது போலக் கிடக்கின்றன. அவ்விறகைக் கொண்டு தீ மூட்டும் நுளையர் குலப் பெண் வடித்த தேறலைப் பரதவர் பாணனுக்கு அளிக்கின்றனர். அதனோடு கிடைப்பது சுட்ட குழல் மீன். அந்தக் குழல் மீனை உலர்ந்தது என்று புலவர் சொல்லியிருப்பதைப் படிப்பவர் பலர் கவனிப்பதில்லை. விருந்தினருக்கு அன்று பிடித்த மீனைக் கொடுப்பதுதானே வழக்கம் என்று கேட்கத் தோன்றும். உலர்த்தி வைத்த மீனைச் சுட்டுக் கொடுக்கும் அளவுக்கு, கருவாடு அக்காலத்திலேயே இக்கரையின் அன்றாட உணவாகவும் பெருமைக்குரிய பண்டமாகவும் இருந்தது என்று கொள்வதே பொருத்தம்.

கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்கர் ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல் சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்ற மூன்று துறைமுகங்களைச் சொல்கிறது. பொதுகே என்பது அரிக்கமேடு. சோபட்மா என்பது எயிற்பட்டினமாகிய மரக்காணம் என்று பலர் கருதுகின்றனர். ‘சோ’ என்பதும் ‘எயில்’ என்பதும் மதிலையே குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்கள் ஆதலால் இந்த அபிப்பிராயம் வலுப்பெறுகிறது. ஒற்றை மரங்களை ஒன்றோடொன்று கட்டிச் செய்த பெரிய கலங்களையும் அந்நூல் இக்கரையில் கண்டு சொல்கிறது. மரங்களைக் கட்டிக் கலமாக்கும் வித்தை இக்கரைக்கு எவ்வளவு பழையது என்பதற்கு அதுவே சாட்சி. பிற்காலத்தில் முதலாம் இராஜராஜன் காலத்துப் பூமீசுவரர் கோயில் இவ்வூரில் எழுந்தது. உப்பு விளையும் இடத்தைச் சோழர் கல்வெட்டுகள் ‘அளம்’ என்றே வழங்குகின்றன. அச்சொல் ‘உப்பளம்’ என்பதில் இன்றும் உயிரோடு இருக்கிறது. இடையன்திட்டு முகத்துவாரத்தின் வடகரையில் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த ஆலம்பரைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் 1750இல் பெற்றதும், ஆங்கிலேயர் 1760இல் பிடித்து இடித்ததும், அதன் துறையிலிருந்து துணியும் உப்பும் கப்பலேறியதும் வேறொரு கட்டுரைக்குரியவை.

இனி, கோடைக்கும் கரைக்கடல் மீனுக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். கரையோரத்து மீனவராகிய பட்டினவர் கடலை நீர்ப்பரப்பு என்ற அளவில் மட்டும் பார்ப்பவர் அல்லர்; காற்று, நீரோட்டம், நீரின் நிறம் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். நீரோட்டத்தை அவர்கள் ‘வெள்ளம்’ என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது வன்னி ஓடுகிறது. தை, மாசி கழிந்து வெயில் ஏற ஏறத் தெண்டி தலையெடுக்கிறது. வங்கக்கடலின் மேற்குக் கரையோர நீரோட்டம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கியும், பிப்ரவரி முதல் மே வரை வடக்கு நோக்கியும் ஓடுகிறது என்று இக்காலத்துக் கடலாராய்ச்சியாளர் கருவிகள் வைத்துக் கண்டறிந்த உண்மை, இந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனையோ தலைமுறைகளாக அடங்கிக் கிடந்திருக்கிறது.

காற்றின் கதை இன்னும் நுட்பமானது. கோடை நாளின் விடியலில், இரவெல்லாம் குளிர்ந்த தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய மேல்காற்று வீசுகிறது. பாய் விரித்த கட்டுமரம் அதன் துணையால் உழைப்பின்றி வெளியேறியது. வெயில் ஏறித் தரை கொதித்ததும், உச்சிப்பொழுதை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழுகிறது. கட்டுமரம் அதே பாயோடு கரை திரும்பியது. போகவும் வரவும் இயற்கை இவ்வாறு வண்டி பூட்டிக் கொடுத்தது கோடையின் பெரிய தயவு. அக்கினி நட்சத்திரத்தின் கடைசியில் கச்சான் என்னும் மேலைக்காற்று வலுத்துவிட்டால் இந்த ஒழுங்கு குலைகிறது. கச்சான் ஓயாமல் வீசும் நாளில் கடற்காற்று பிற்பகல் வரையில் எழாது. கரையோரம் தட்டுப்போலச் சமமாகக் கிடக்கும். ஆயினும் அந்த அமைதியை நம்பித் தூரம் போனவனைக் காற்று ஆழத்துக்குத் தள்ளிவிடும். ஆகையால் அம்மாதிரி நாட்களில் அனுபவசாலிகள் கரையை விட்டு அகல மாட்டார்கள். கரையை ஒட்டிய மீனையே நாடுவார்கள்.

அந்த மீன் கரைக்கு வருவதற்கும் அக்காற்றே ஒரு காரணம். தென்மேற்கிலிருந்து கரையை ஒட்டி வீசும் காற்று மேற்பரப்பின் சூடான நீரைக் கிழக்கே ஒதுக்குகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. சத்து மிகுந்த அந்நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருக, அவற்றைத் தின்ன நெத்திலியும் கவலையும் காரப்பொடியும் கூட்டங்கூட்டமாய் வருகின்றன. அவற்றைத் துரத்திப் பாறையும் வாளையும் பின்தொடர்கின்றன. வைகாசியில் குளிக்க இறங்குகிறவர் ‘வெளியே நெருப்பு, உள்ளே பனி’ என்று வியப்பதுண்டு. அந்தக் குளிர்ச்சியே மீன் வரும் முன்னறிவிப்பு.

இத்தகைய விடியற்காலை ஒன்றில் அலைவாய்க் கரையில் ஒரு வீச்சுவலைக்காரரை அருகே இருந்து பார்ப்பது நல்ல பாடமாகும். அவர் வந்தவுடன் வலையை வீசுவதில்லை. முழங்காலளவு நீரில் நின்று, ஈயக்குண்டுகள் கோத்த வலையின் ஒரு பகுதியைத் தோளிலும் ஒரு பகுதியை இடக்கையிலும் தாங்கி, ஓரத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு, நெடுநேரம் நீரையே பார்த்திருக்கிறார். கரைக்கு இணையாக நீருக்கடியில் கிடக்கும் மணல்திட்டின் மேல் அலை வெளுத்து உடைகிறது. திட்டுக்கும் கரைக்கும் நடுவே சற்றே கறுத்து ஓடும் பள்ளத்தில்தான் மீன் மேயும். பெரிய அலைகள் சில தொடர்ந்து வந்து, பிறகு சிறிது ஓய்கின்றன. அந்த ஓய்வில், ‘கலக்கல்’ நீங்கி நீர் ‘தெளிவு’ காட்டும் ஒரு கணத்தில், உடம்பு முழுவதும் ஒரு சுழற்சி சுழல, வலை வட்டமாய் விரிந்து விழுகிறது. அகப்பட்டவை பெரும்பாலும் கிழங்கான்கள். வலை தம்மேல் விழுந்தால் மணலுக்குள் புதைந்து தப்பிக்கப் பார்ப்பது அம்மீனின் சுபாவம். அதை அறிந்தவர் அவசரப்பட்டு இழுக்காமல், வலையின் நடுவே காலால் மணலைத் துழாவிக் கிளப்பிய பின்னரே மெல்லச் சுருக்குகிறார். இந்தப் பொறுமையை எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

தனி ஒருவர் வித்தை இது என்றால், ஊர் முழுவதும் கூடிச் செய்யும் வித்தை கரைவலை. வலையின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டு, படகில் அரைவட்டமாய்ப் போட்டுக்கொண்டே சென்று, மறு தலைப்பைச் சற்றுத் தொலைவில் கரைசேர்த்து, இரு பக்கமும் ஆட்கள் அணிவகுத்து அம்பாப் பாட்டின் தாளத்துக்கு இழுப்பார்கள். நடுவிலுள்ள மடி கரையை நெருங்க நெருங்க இரு அணிகளும் ஒன்றையொன்று நோக்கி நகரும். இதற்குப் பயன்பட்ட படகு ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்ததாகும். அலை மோதும்போது அது வளைந்து கொடுத்தது. கட்டுமரமோ அலை தன்மேல் ஏறினாலும் நீரை இடுக்குகளின் வழியே விட்டுவிட்டு மிதந்தது. துறைமுகம் அமைவதற்கு முன் சென்னையில் கப்பலிலிருந்து இறங்கிய துரைமார்களும் அலையைக் கடப்பதற்கு மசூலா என்ற தைத்த படகையே நம்ப வேண்டியிருந்தது. கரைவலைக்கு உகந்த காலம் கோடையே. அலை தணிந்து, மீன் கரைக்கு வந்து, மணல்வெளி அகன்று கிடப்பது அப்போதுதான். மாசி மகத்தன்று ஊர்த் தெய்வங்கள் கடலாடி முடித்த பிறகு வருவது இந்தப் பருவம்.

அதே நாட்களில் மணல்மேட்டின் மறுபுறம் உப்பளம் உழைத்துக்கொண்டிருக்கிறது. கழியிலிருந்தும் கிணறுகளிலிருந்தும் உவர்நீரை ஏற்றி, பாத்தி மாற்றிப் பாத்தி நிறுத்தி, வெயிலும் மேல்காற்றும் அதைக் குடிக்க விடுகிறார்கள். சாதாரணக் கடல்நீர், நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவையில், சுமார் 3 பாகை. அது 25 பாகைக்கு இறுகும்போது உப்பு பூக்கத் தொடங்குகிறது. 30ஐ நெருங்க விட்டால் கைப்புச் சேர்ந்துவிடும். ஆகவே அதற்குள் வாரிவிட வேண்டும். பாத்தியின் மேற்பரப்பில் முதலில் ஆடைபோல் ஒன்று படர்கிறது. காற்றில் அது நெளிந்து, கனத்து, அடியில் அமர்கிறது. வெயில் கண்ணைப் பறிக்கும் அந்த வெண்பரப்பில் வெறுங்காலோடு நின்று பலகையால் வாரிக் குவிக்கும் ஆண்களுக்கும், கூடையில் சுமந்து கரையேற்றும் பெண்களுக்கும் பாதம் வெடிப்பதும் பார்வை மங்குவதும் இத்தொழிலின் கூலியோடு சேர்ந்தே வருபவை. ஒரு மழை பெய்தால் பல நாள் உழைப்பு கரைந்து போகும். கோடை நீள வேண்டும் என்று இறைவனை வேண்டுகிற மனிதர் இங்குதான் உண்டு.

இவ்விரண்டு உழைப்பும் சந்திக்கும் இடம் கருவாடு. வெயில் காலத்து மீன் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். கோடையில் மிகுதியாய்க் கிடைக்கும் நெத்திலியையும் கவலையையும் அன்றே விற்றுத் தீர்க்க முடியாது. உப்பு மட்டும் அருகில் இருந்தால் அவ்வளவும் உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போகும் பண்டமாகிவிடும். மரக்காணத்தில் உப்பு கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆயினும் 1805ஆம் ஆண்டு கும்பெனி சர்க்கார் சென்னை ராஜதானியில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்ட நாள் முதல், அந்தக் கூப்பிடு தூரம் கடக்க முடியாத தூரமாயிற்று. 1888 முதல் 1903 வரை மணங்குக்கு இரண்டரை ரூபாய் வரி. அற்ப விலைக்கே போகும் மீனுக்கு அந்த உப்பை இடுவது எப்படி? ஏழைகள் களர்நிலத்தின் உவர்மண்ணைச் சுரண்டி மீனில் தேய்த்தார்கள். அப்படிச் செய்த கருவாடு கசந்தது, அழுகியது, நோய் தந்தது. அந்த மண்ணைச் சுரண்டுவதும் குற்றமாகக் கருதப்பட்டது.

இந்தியக் கடல்மீன் தொழிலை ஆராய்ந்து 1873இல் அறிக்கை வெளியிட்ட ராணுவ வைத்தியர் பிரான்சிஸ் டே, உப்பு வரியால் மீன் பதப்படுத்தும் தொழில் நசிந்து கிடப்பதை வெளிப்படையாக எடுத்துக்காட்டினார். அதன் பின்னர்க் காலக்கிரமத்தில், உப்பு இலாகாவின் மேற்பார்வையில் மீன் உப்பிடும் கிடங்குகள் கரையோரங்களில் ஏற்பட்டன. வேலிக்குள் மீனைக் கொண்டு வந்து, உத்தியோகஸ்தர் நிறுத்துக் கொடுக்கும் மலிவு உப்பை அங்கேயே இட்டு, அங்கேயே உலர்த்த வேண்டும் என்பது விதி. நன்மை ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கிடங்குக்கு எட்டாத குப்பத்தில் உச்சி வெயிலில் வலை கரையேறியவனுக்கு அந்த நன்மை எட்டவில்லை. 1905இல் பிரெடெரிக் நிக்கல்சன் சென்னை ராஜதானியின் மீன்துறைப் பணியைத் தொடங்கியபோது, மீனவனின் வறுமையைப் போக்குவதும் மீனைக் கெடாமல் காப்பதும் பிரிக்க முடியாதவை என்று கண்டார். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் சோழமண்டலக் கரையின் வலைகளையும் கட்டுமரங்களையும் பொறுமையோடு வருணித்து வைத்தார். அவ்விருவரின் உழைப்பை நன்றியோடு நினைப்பது நம் கடமை. 1930இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்து சென்று அள்ளிய உப்பு, சுதந்திரப் போரின் சின்னம் மட்டும் அன்று. கரையோரத்து ஒவ்வொரு கருவாட்டுப் பாயின் நியாயமும் அதில் இருந்தது. உப்பு வரி முற்றும் நீங்கியது 1947இல்.

சட்டத்தின் வேலி நீங்கியபின் வேறு மாறுதல்கள் வந்தன. பெத்தகஞ்சாம் தொடங்கி மரக்காணத்தில் முடியும் 420 கிலோமீட்டர் பக்கிங்காம் கால்வாய் வழியே ஒரு காலத்தில் உப்பும் சவுக்கு விறகும் சென்னைக்குப் படகேறின. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப் பின் அது தூர்ந்தது. பருத்தி நூலில் பின்னி, மரப்பட்டைச் சாற்றில் தோய்த்த வலைகளின் இடத்தை நைலான் பிடித்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையைச் சூறையாடிய பின், கட்டுமரத்தின் இடத்தில் இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் நிறைந்தன. 1989ஐ ஒட்டிப் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைதடுப்புக் கற்சுவர், தெண்டி வெள்ளத்தோடு வடக்கே நகரும் மணலை மறித்ததால், அதற்கு வடக்கேயுள்ள குப்பங்கள் பலவற்றில் மணல்வெளியே கரைந்தது. மணல்வெளி இல்லாத இடத்தில் கரைவலை இழுப்பதற்கும் கருவாடு காய்வதற்கும் இடமில்லை.

கோடை மட்டும் தன் பழைய மதிப்பை ஒரு வகையில் மீண்டும் பெற்றிருக்கிறது. கிழக்குக் கரையில் 2001 முதல் ஏப்ரல் 15இல் தொடங்கி 45 நாட்களுக்கு நடைமுறையில் இருந்த மீன்பிடித் தடைக்காலம், 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் பொருட்டு விசைப்படகுகள் கட்டப்பட்டுக் கிடக்கும் அந்நாட்களில், கரைக்கடலில் சிறு படகும் வீச்சுவலையும் கொண்டு பிழைப்பவரே நம் உலைக்கு மீன் தருகிறவர். சங்க காலத்து எயிற்பட்டினத்துக்குக் கோடை செய்த உதவியை இன்றும் அது செய்துகொண்டிருக்கிறது.

வன்னி, தெண்டி, கச்சான், கலக்கல், தெளிவு என்ற சொற்களை இப்போது முழுப் பொருளோடு சொல்லத் தெரிந்தவர்கள் அறுபது வயதைக் கடந்தவர்களே. கல்வெட்டுகளைப் படியெடுத்துக் காப்பாற்றினோம். ஓலைச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தோம். ஆனால் இந்தக் கல்வி கல்லிலும் இல்லை, ஓலையிலும் இல்லை, மனிதரிடம் மட்டுமே இருக்கிறது. கரையோரப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும், பாட்டனோ பெரியப்பனோ கடலுக்குப் போன குடும்பத்தில் பிறந்து படித்த இளைஞர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அடுத்த கோடையில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவர்களின் அருகே உட்காருங்கள், எந்த மாதத்தில் எந்தக் காற்று, எந்த வெள்ளத்தில் எந்த மீன் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதி வையுங்கள்.